மால்பெக் திராட்சையும் மெண்டோசாவின் தண்ணீரும்

மால்பெக் என்ற சிவப்பு ஒயின் திராட்சையின் பெயரைச் சொன்னதும் இன்று பெரும்பாலோருக்கு அர்ஜென்டினாதான் நினைவுக்கு வருகிறது. உலகில் பயிராகும் மால்பெக்கில் ஏறத்தாழ முக்கால் பங்கு அந்த ஒரு நாட்டில் இருக்கிறது. அங்குள்ள 45,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட மால்பெக் தோட்டங்களில் சுமார் 85 சதவீதம் மெண்டோசா என்ற ஒரே மாகாணத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் கிடக்கும் அந்த மாகாணத்தில் ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. மானாவாரியாகத் திராட்சை விளைய அது போதவே போதாது. ஆகவே மால்பெக்கைப் பற்றிப் பேசும்போது நிறம், மணம், சுவை என்று தொடங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கொடிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதை யார் திறந்துவிடுகிறார்கள் என்று கேட்டால்தான், பிரான்சில் பிறந்து அங்கேயே பெரும்பாலும் கைவிடப்பட்ட ஒரு திராட்சை, கடல் கடந்து ஒரு வறண்ட நிலத்தில் தழைத்த காரணம் விளங்கும்.

அதன் பிறப்பிடம் தென்மேற்கு பிரான்ஸ். அங்கே லோட் ஆறு வளைந்து வளைந்து ஓடும் பள்ளத்தாக்கில் கஹோர் நகரம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் இந்தத் திராட்சையைக் கோட் என்றும் ஓசெர்வா என்றும் அழைத்தார்கள். 2009-இல் வெளியான மரபணு ஆய்வு அதன் பெற்றோரைத் தெளிவுபடுத்தியது. தந்தை ப்ரூனெலார் என்ற தென்மேற்கு வகை. தாய், மக்தலேன் நுவார் தே ஷராந்த் என்று பின்னர் பெயரிடப்பட்ட, ஒரு சில கிராமங்களில் வீட்டு வாசல்களில் மட்டும் மிஞ்சியிருந்த, அநேகமாக மறக்கப்பட்ட ஒரு கொடி. மெர்லோ திராட்சைக்கும் அதுவே தாய். உலகம் முழுவதும் விற்கும் இரண்டு பெருந்திராட்சைகளை ஈன்ற தாய்க்கொடி, பெயர்கூட இல்லாமல் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

கஹோரின் ஒயின் இடைக்காலத்திலேயே ‘கறுப்பு ஒயின்’ என்று பெயர் பெற்றிருந்தது. தோலில் நிறம் மிகுந்த இந்தத் திராட்சையின் சாற்றில் ஒரு பகுதியைக் காய்ச்சிக் கெட்டியாக்கிச் சேர்க்கும் வழக்கமும் இருந்ததால், அது நெடுந்தொலைவுப் பயணத்தைத் தாங்கியது. ஆனால் கடலுக்குப் போக வேண்டுமானால் ஆற்றோடு இறங்கி போர்தோ துறைமுகத்தைக் கடந்தாக வேண்டும். போர்தோ வணிகர்கள் தங்கள் ஒயினை முதலில் விற்றுக்கொள்ளும் சிறப்புரிமையை ஆங்கில அரசர்களிடமிருந்து பெற்று, பிறகு பிரெஞ்சு அரசர்கள் காலத்திலும் அதை விடாமல் வைத்திருந்தார்கள். கஹோர் போன்ற மேட்டுநில ஊர்களின் ஒயின் காத்துக் கிடக்க வேண்டியதுதான். நிதியமைச்சர் தூர்கோ 1776-இல் அந்தத் தடையை நீக்கும்வரை, நல்ல சரக்கை வைத்துக்கொண்டு சந்தைக்குப் போக வழியில்லாத நிலை பல நூற்றாண்டுகள் நீடித்தது.

சந்தை திறந்த பிறகும் இந்தக் கொடிக்கு அங்கே நிம்மதி கிடைக்கவில்லை. பூக்கும் பருவத்தில் குளிரோ மழையோ வந்தால் மால்பெக்கின் பூவும் பிஞ்சும் கொட்டிவிடும். கொத்தில் பாதி வெறுமையாக நிற்கும். அட்லாண்டிக் கடற்காற்று வீசும் தென்மேற்கு பிரான்சில் அந்தப் பருவ மழை அரிதான ஒன்றல்ல. 1870-களின் இறுதியில் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி கஹோர் தோட்டங்களுக்குள் புகுந்து அழித்தது. மிச்சமிருந்ததை 1956 பிப்ரவரியில் வந்த கடும் உறைபனி கருக்கியது. அந்தப் பனிக்குப் பிறகு போர்தோவில் மறுநடவு செய்தவர்கள் பெரும்பாலும் மெர்லோவையும் கேபர்நே சோவின்யோனையும் நட்டார்கள். விளைச்சல் உறுதியில்லாத மால்பெக்கைத் திரும்ப நட அவர்களுக்குக் காரணம் இல்லை. கஹோர்க்காரர்கள் மட்டும் பிடிவாதமாக மால்பெக்கையே நட்டார்கள். 1971-இல் அவர்களுக்கு முறையான தோற்ற அங்கீகாரம் கிடைத்தபோது, கஹோர் என்ற பெயரில் விற்கும் ஒயினில் குறைந்தது 70 சதவீதம் மால்பெக் இருக்க வேண்டும், மீதிக்கு மெர்லோ, தன்னா போன்ற வகைகள் சேரலாம் என்ற விதி வந்தது. லாபக் கணக்கு எதிராக இருந்தும் தங்கள் கொடியைக் கைவிடாத அந்த விவசாயிகளின் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

இதற்கிடையில், ஃபிலாக்சரா பிரான்சுக்குள் வருவதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பே, அந்தக் கொடியின் குச்சிகள் ஆண்டிஸ் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. பின்னாளில் அர்ஜென்டினாவின் குடியரசுத் தலைவரான தொமிங்கோ ஃபவுஸ்தினோ சர்மியெந்தோ, சிலியில் அரசியல் அடைக்கலம் பெற்றிருந்தபோது அங்கே வேளாண்பள்ளியும் மாதிரித் தோட்டமும் செய்த வேலையைப் பார்த்தவர். அதே போன்ற ஒன்றை மெண்டோசாவில் அமைக்க அவர் தூண்டுகோலாக இருந்தார். மிஷேல் எமே பூஜே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் அதன் பொறுப்பை ஏற்றார். அந்தத் திட்டம் மாகாணச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட 1853 ஏப்ரல் 17-ஐத்தான் இப்போது உலக மால்பெக் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பூஜே கொண்டுவந்த பிரெஞ்சு வகைகளில் மால்பெக் மட்டும் அந்த மண்ணில் அவ்வளவு இயல்பாக வளர்ந்ததால், ஊரார் அதை ‘பிரெஞ்சுத் திராட்சை’ என்றே நீண்ட காலம் அழைத்தார்கள். 1861 நிலநடுக்கத்தில் மெண்டோசா நகரம் தரைமட்டமானது. 1885-இல் புவனோஸ் அய்ரெஸிலிருந்து ரயில் வந்தது. ரயிலோடு இத்தாலியரும் ஸ்பானியரும் வந்தார்கள். மிதமிஞ்சி ஒயின் குடிக்கும் ஒரு நாடு உருவாயிற்று.

பிரான்சில் கொல்லும் மழை மெண்டோசாவில் இல்லை. பூக்கும் பருவம் வறண்டிருப்பதால் பிஞ்சு உதிர்வது குறைவு. ஈரம் இல்லாததால் பூஞ்சை நோயும் குறைவு. தண்ணீர் வானத்திலிருந்து வராமல் வாய்க்கால் வழியாக, மனிதன் கணக்கிட்ட நேரத்தில் வருகிறது. மால்பெக்கின் பிறவிக் குறையை அந்த வறட்சியே தீர்த்துவைத்தது. அதற்குப் பதிலாக வேறு இடர்கள் உண்டு. கோடையில் எலுமிச்சை அளவுக்கு ஆலங்கட்டி விழும். சில நிமிடங்களில் ஓராண்டு விளைச்சல் தரையில் கிடக்கும். அதனால் பல தோட்டங்களில் வரிசைகளின் மேல் கறுப்பு வலை விரித்திருக்கிறார்கள். சோந்தா என்ற வெப்பக்காற்று மலையிலிருந்து இறங்கிக் கொடியின் பூவை வாட்டும். வசந்த காலத்தில் பின்பனியும் வரும். ஆனால் இவை அவ்வப்போது வரும் துன்பங்கள். தண்ணீர்தான் ஆண்டு முழுவதும் கவலை.

மெண்டோசாவின் நிலப்பரப்பில் பாசனம் பெறுவது 5 சதவீதத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் முட்புதரும் கல்லும். மெண்டோசா ஆறு, துனுயான், தியமாந்தே, அத்துவேல் ஆகிய ஆறுகள் ஆண்டிஸின் பனி உருகுவதால் ஓடுகின்றன. ஸ்பானியர் வருவதற்கு முன்பே உவார்பே மக்கள் அந்த ஆற்று நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பியிருந்தார்கள். இன்றைய முக்கியக் கால்வாய்களில் சில அவர்கள் வெட்டிய தடத்திலேயே போகின்றன. நகரத்தின் ஒவ்வொரு தெருவோரத்திலும் அசேக்கியா என்ற திறந்த ஓடை ஓடுகிறது. நடைபாதையில் வரிசையாக நிற்கும் பெருமரங்கள் அந்த ஓடைத் தண்ணீரில் உயிர்வாழ்கின்றன. பாலைநிலத்தில் அவ்வளவு நிழலைப் பார்த்தபோது நான் முதலில் அண்ணாந்து இலைகளைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். உள்ளூர்க்காரர்களோ ஓடையில் கால் தவறாதிருக்கக் கீழே பார்த்தே நடக்கிறார்கள்.

1884-இல் இயற்றப்பட்ட நீர்ச் சட்டம் இன்றும் அந்த மாகாணத்தின் உயிர்நாடி. அதன்படி தண்ணீர் உரிமை நிலத்தோடு ஒட்டியது. நிலத்தை விட்டுத் தண்ணீரைத் தனியாக விற்க முடியாது. ஒரே கால்வாயில் பாசனம் பெறும் விவசாயிகள் கூடித் தங்கள் கால்வாய் மேற்பார்வையாளரைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்குக் கீழே தொமேரோ என்பவர் மதகைத் திறந்து மூடுகிறார். நம் ஊர்க் கண்மாய்களில் நீர்க்கட்டி எந்த அதிகாரத்தோடும் எந்தக் கண்டிப்போடும் மடை திறந்தாரோ, அதே அதிகாரமும் கண்டிப்பும் அவருக்கும் உண்டு. முறை நள்ளிரவில் வந்தாலும் விவசாயி எழுந்து போயாக வேண்டும். ஒரு பழைய மால்பெக் தோட்டத்தில் அப்படி ஒரு முறைப் பாசனத்தை அருகில் நின்று பார்த்தேன். இரும்புத் தகட்டு மதகை உயர்த்தியதும் கலங்கிய சாம்பல் நிறத் தண்ணீர் தலைப்பு வாய்க்காலில் பாய்ந்தது. ரப்பர் காலணி அணிந்த பெரியவர் ஒருவர் மண்வெட்டியால் ஒவ்வொரு வரிசையின் வாயையும் வெட்டித் திறந்து, நீர் கடைசிக் கொடிவரை போய்ச் சேரும்வரை பொறுத்திருந்து, இரண்டு கொத்து மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் மண்ணில் இறங்கும் சத்தத்தையும் வேகத்தையும் பார்த்தே முடிவு செய்தார். ஒயின் பிறக்கும் இடம் எது என்று யாராவது கேட்டால், ஓக் மரப் பீப்பாய் அடுக்கிய குளிர்ந்த அறைகளைவிட அந்த வரிசை முனைகளையே நான் காட்டுவேன்.

அந்த மண்டலம் ஒருமுறை தன் செல்வத்தைத் தானே பிடுங்கி எறிந்தது. 1970 வாக்கில் அர்ஜென்டினர் ஆளுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 90 லிட்டர் ஒயின் குடித்தார்கள். அது மலிவான, அன்றாடச் சாப்பாட்டு ஒயின். பிறகு பியரும் குளிர்பானமும் பரவ, குடிக்கும் அளவு ஆண்டுதோறும் சரிந்தது, சந்தையில் ஒயின் தேங்கியது, விலை விழுந்தது. பந்தலில் அள்ளிக் காய்க்கும் வகைகளோடு போட்டியிட மால்பெக்கால் முடியவில்லை. 1960-களில் 50,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த மால்பெக், 1990-களின் தொடக்கத்தில் சுமார் 10,000 ஹெக்டேராகச் சுருங்கியது. பிடுங்கப்பட்டவற்றில் பெரும்பகுதி, ஃபிலாக்சராவைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் நின்ற வயதான கொடிகள். பிரான்சில் ஃபிலாக்சரா வருவதற்கு முன்பு வெட்டிய குச்சிகளின் வழித்தோன்றல்கள் அவை. பிரான்சில் இன்று காணப்படும் மால்பெக்கைவிடச் சிறிய மணிகளும் நெருக்கமான சிறு கொத்துகளும் கொண்டவை. ஐரோப்பா இழந்துவிட்ட ஒரு மரபுச் செல்வம் அங்கே இருந்தது என்பதை, பாதிக்கு மேல் அழிந்த பிறகே ஊர் உணர்ந்தது.

திருப்பம் 1990-களில் வந்தது. மெண்டோசாவின் ஒயின் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த நிக்கோலாஸ் கத்தேனா சபாத்தா கலிபோர்னியாவில் பொருளியல் கற்பித்துக்கொண்டிருந்தபோது அங்கே ஒயின் தொழில் தலைநிமிர்வதைப் பார்த்தவர். ஊர் திரும்பியதும் அளவைக் குறைத்துத் தரத்தை உயர்த்தும் வேலையில் இறங்கினார். குளிரைத் தேடி மலையேறியதுதான் அவருடைய துணிச்சல். 1992-இல் மெண்டோசாவின் குவால்தயாரியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், திராட்சை பழுக்காது என்று பலர் எச்சரித்த இடத்தில் அவர் தோட்டம் போட்டார். மால்பெக் அங்கே பழுத்தது மட்டுமல்ல, அதுவரை யாரும் அந்தத் திராட்சையில் பார்த்திராத புளிப்புக் கூர்மையோடும் பூமணத்தோடும் பழுத்தது. 2002-இல் அர்ஜென்டின நாணயமான பெசோவின் மதிப்பு வீழ்ந்தபோது நாட்டு மக்கள் பட்ட பாடு கொடியது. ஆனால் வெளிநாட்டுச் சந்தையில் அர்ஜென்டின ஒயின் திடீரென்று மலிவானது, அமெரிக்கர்கள் மால்பெக்கை வாரி வாங்கினார்கள். பிடுங்கிய நிலங்களில் மீண்டும் மால்பெக் நடப்பட்டது.

உயரம் என்ன செய்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 டிகிரி குறைகிறது. பகலில் வெயில் சுளீரென்று அடித்தாலும் இரவு குளிர்ந்துவிடுவதால், பழம் இனிப்பைச் சேர்த்துக்கொண்டே புளிப்பையும் காத்துக்கொள்கிறது. மேலே போகப் போகப் புற ஊதாக் கதிர் கூடுகிறது. அதிலிருந்து விதையைக் காக்கத் திராட்சை தன் தோலில் நிறமியையும் துவர்ப்புப் பொருளையும் கூட்டிக்கொள்கிறது. மால்பெக்கின் நிறம் முழுக்கத் தோலில்தான் இருக்கிறது. மணியைப் பிதுக்கினால் சதை வெளிறியே இருக்கும். கோப்பையைச் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் தெரியும் ஊதாச் சிவப்பு வளையம் அந்தத் தோலின் கொடை.

ஆகவே மால்பெக் என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு ஒயின்கள் இருக்கின்றன. 1989-இல் அர்ஜென்டினாவின் முதல் தோற்றப் பெயர்க் கட்டுப்பாட்டை அமைத்துக்கொண்ட லுஹான் தே குயோவில், பழைய கொடிகளிலிருந்து வருவது கனிந்த பிளம் பழச் சுவையோடு மென்மையாக இறங்கும். அதற்குத் தெற்கே ஊகோ பள்ளத்தாக்கில், சுண்ணாம்பு படிந்த கூழாங்கற்கள் நிறைந்த பரஹே அல்தமீரா போன்ற இடங்களில் விளைவது இறுக்கமாக, ஊதாப்பூ மணத்தோடு, நாவில் நெடுநேரம் நிற்கும். வடக்கே சால்டா மாகாணத்தின் கல்சாக்கி பள்ளத்தாக்குகளில் 3,111 மீட்டர் உயரத்தில்கூட ஒரு தோட்டம் இருக்கிறது. அந்த வட்டாரத்தின் மால்பெக் அடர்ந்து, மிளகுக் காரம் போன்ற ஒன்றோடு வரும். கஹோரிலோ துவர்ப்பு முன்னால் நிற்கும். பழம் பின்வாங்கி மண்ணின் வாசம் எழும். வாத்து இறைச்சி இல்லாமல் அதைத் தனியாகக் குடிப்பது கடினம். கஹோர் எனக்கு மிகவும் பிடித்தது என்றாலும் ஊகோவின் மேட்டு மால்பெக்கைத்தான் இந்தத் திராட்சையின் சிகரம் என்று சொல்வேன். திராட்சையின் பெயரைப் பெரிதாக அச்சிட்டு விற்றது அர்ஜென்டினாவுக்கு உலகச் சந்தையைத் திறந்தது உண்மை. ஆனால் அந்தப் பெரிய எழுத்துகள் இடத்தின் பெயரை மறைத்துவிட்டன. பரஹே அல்தமீராவுக்கு 2013-இல் புவியியல் குறியீடு கிடைத்தது போல, சிற்றூர்களின் பெயர்கள் புட்டியில் ஏறுவதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

அறுவடை மார்ச்சிலும் ஏப்ரலிலும் நடக்கிறது. அதில் வேலை செய்பவர்களில் பலர் வட அர்ஜென்டினாவிலிருந்தும் பொலிவியாவிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறவர்கள். சிறு கத்தரியால் கொத்தை நறுக்கி, சுமார் 20 கிலோ பிடிக்கும் தொட்டியில் நிரப்பி, அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு வரிசையின் முனையில் நிற்கும் லாரியை நோக்கி ஓடுகிறார்கள். நடப்பதில்லை, ஓடுகிறார்கள். ஏணியில் ஏறித் தொட்டியைக் கவிழ்த்ததும் லாரியில் நிற்பவர் ஒரு வில்லையைக் கையில் கொடுக்கிறார். ஃபிச்சா என்று அதற்குப் பெயர். கூலி அந்த வில்லைகளின் கணக்கில்தான். மாலையில் ஒரு பெண் தன் இடுப்புப் பையிலிருந்த வில்லைகளை மடியில் கொட்டி, பத்துப் பத்தாக அடுக்கி, ஒருமுறைக்கு இருமுறை எண்ணியதைப் பார்த்தேன். அவர் விரல்களின் ஓரங்கள் கருஊதா நிறத்தில் ஊறியிருந்தன. பெரிய நிறுவனங்களில் இயந்திர அறுவடை பெருகி வருகிறது. பழைய, குறுகிய வரிசைகளில் இன்னும் ஆள்தான். திராட்சையை விற்கும் சிறு விவசாயிக்கும் நிலைமை வளமாக இல்லை: பணவீக்கம் தாண்டவமாடும் நாட்டில், அறுவடைக்குப் பிறகு மாதக்கணக்கில் தவணையாக வரும் பணம், கைக்கு வரும்போது பாதியாகிவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தண்ணீர். 2010 முதல் மத்திய ஆண்டிஸில் பனிப்பொழிவு பெரும்பாலான ஆண்டுகளில் சராசரிக்குக் கீழேயே இருக்கிறது, பனியாறுகள் பின்வாங்குகின்றன. அந்த மாகாணத்தார் தண்ணீரை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை 2019 டிசம்பர் காட்டியது. சுரங்கத் தொழிலில் சயனைடு போன்ற நச்சுப் பொருள்களைத் தடுக்கும் 2007-ஆம் ஆண்டின் 7722-ஆம் எண் சட்டத்தைச் சட்டமன்றம் திருத்தியபோது, மெண்டோசாவின் தண்ணீர் பேரம் பேசுவதற்கானது அல்ல என்ற முழக்கத்தோடு பல்லாயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். ஒயின் தொழிலில் இருப்பவர்கள், மாணவர்கள், மலையடிவாரக் கிராமத்தார் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் திருத்தம் திரும்பப் பெறப்பட்டுப் பழைய சட்டமே நிலைநாட்டப்பட்டது.

இப்போது தோட்டங்களுக்குள்ளேயே ஒரு விவாதம் நடக்கிறது. ஊகோவின் உயரமான தோட்டங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரையும் சொட்டுநீர்க் குழாயையும் நம்பியவை. ஒவ்வொரு கொடிக்கும் அளந்து கொடுப்பதால் தண்ணீர் மிச்சமாகிறது. அப்படியானால் லுஹானின் பழைய தோட்டங்களும் வாய்க்கால் பாசனத்தைக் கைவிட வேண்டும் என்பது ஒரு தரப்பு. மறு தரப்பின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. மண்ணில் கசியும் வாய்க்கால் நீர் வீணாவதில்லை. அது நிலத்தடி நீரை ஊட்டுகிறது, கரையோர மரங்களைக் காக்கிறது, கீழே உள்ள கிணறுகளில் ஊறுகிறது. வரிசைகளில் நீரை நிறுத்திப் பாய்ச்சுவதும் மணல் கலந்த மண்ணும் ஃபிலாக்சராவைப் பெருகவிடாமல் தடுத்ததால்தான் சொந்த வேரில் நிற்கும் கொடிகள் நூறாண்டு தாண்டின என்று அங்குள்ள பலர் நம்புகிறார்கள். சொட்டுநீருக்கு மாறும் இடங்களில் ஒட்டுக்கட்டிய கன்றுகளையே நடுவது பெருகி வருகிறது. இவற்றோடு, லுஹானைச் சேர்ந்த விஸ்தால்பாவிலும் சாக்ராஸ் தே கோரியாவிலும் நிழல் நிறைந்த பழைய தோட்டங்கள் வேலியிட்ட குடியிருப்புகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் நிலத்தோடு ஒட்டியது என்று சட்டம் சொன்னாலும், திராட்சை நின்ற நிலத்தில் புல்தரையும் நீச்சல் குளமும் வந்தபின் அந்தச் சட்டம் காப்பாற்றுவதற்குக் கொடி இருப்பதில்லை. புதிய மேட்டுத் தோட்டங்களின் ஒயினை நான் விரும்பினாலும், இந்த விவாதத்தில் பழைய வாய்க்கால்காரர்களின் பக்கமே நிற்கிறேன். மேட்டுத் தோட்டத்தை நாளைக்கும் போடலாம். 1990-க்கு முன் நடந்ததைப் போல இன்னொரு முறை பிடுங்கினால், பூஜே காலத்துக் குச்சிகளின் வழிவந்த அந்தக் கொடிகளை எங்கிருந்தும் வரவழைக்க முடியாது.